முடிவு வரும்வரை: திருவள்ளூர் மண்ணில் நோயறிதலின் கதை

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் ஒரு பெயர் உண்டு. அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளக்கரையில் கூட்டம் நெரியும். தீராத நோய்க்காரர்கள் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் செலுத்தி வேண்டிக்கொள்வது பல தலைமுறை வழக்கம். நோயோடு மக்கள் தேடி வந்த அந்த ஊருக்கு, நோயைத் தேடிக்கொண்டு 1968இல் வேறொரு கூட்டம் வந்தது. அவர்கள் கொண்டுவந்தவை ஊசி, எக்ஸ்ரே கருவி, சளி டப்பா, பெயர்ப் பதிவேடு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய காசநோய்த் தடுப்பு ஆய்வு அது. அப்போது இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. அதனால்தான் மருத்துவ உலகம் இன்றுவரை 'செங்கல்பட்டு ஆய்வு' என்று எழுதுகிறது. ஊசி போட்டுக்கொண்டவர்களோ திருவள்ளூர்க்காரர்கள்.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் ஒரே ஒரு வைரஸ் வந்து ஒட்டினாலும் மின்சாரம் மாறிச் சேதி சொல்லிவிடும் என்று இன்று ஆய்வகங்களில் பேசிக்கொள்கிறார்கள். அந்த நானோ பேச்சுக்கும் திருவள்ளூரின் சளி டப்பாவுக்கும் நேரடி உறவு இருக்கிறது. ஒருவர் உடலில் நோய் இருக்கிறதா என்று கேட்ட நேரத்துக்கும், அதற்கான பதில் அவர் கைக்கு வந்து சேரும் நேரத்துக்கும் நடுவில் எத்தனை நாள், எத்தனை மைல்? இந்த மாவட்டமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன.

மூன்றரை லட்சம் பேர்

பி.சி.ஜி. ஊசி இந்த நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்தே சர்ச்சையோடு வந்தது. 1948இல் மதனப்பள்ளியில் போட ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் வந்தது. ஆரோக்கியமான குழந்தை உடம்பில் உயிருள்ள கிருமியை ஏற்றலாமா என்று சென்னையில் எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் சாமானியர்கள் மட்டும் இல்லை. முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கிய மறு ஆண்டே, 1955இல், ராஜாஜி இந்த ஊசியை ஏன் எதிர்க்கிறார் என்று ஆங்கிலத்தில் தனிச் சிறுநூலே எழுதி வெளியிட்டார்.

அறிவியல் உலகத்திலும் ஒருமித்த பேச்சு இல்லை. பிரிட்டனில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் பெயருக்குத்தான் பலன். எது உண்மை என்று தெரிந்துகொள்ள, காசநோய் மலிந்த ஒரு வெப்ப நாட்டில், பெரிய மக்கள்தொகையில், கறாராக ஒரு சோதனை நடத்த வேண்டியிருந்தது. அதற்குத்தான் திருவள்ளூர் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களையும் தேர்ந்தெடுத்தார்கள்.

வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பதிவேட்டில் ஏறியவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு நிஜ பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஆள் சேர்ப்பு 1971இல் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை அதே வீட்டுக் கதவைத் தட்டி, அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உலகத்தில் இவ்வளவு பெரிய பி.சி.ஜி. ஆய்வு வேறெங்கும் நடந்ததில்லை.

1979இல் வெளியான முதல் அறிக்கை ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தபோதும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை; குழந்தைகளாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்களுக்குச் சுமார் 27 சதவீதம் மட்டும். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் வேறு மைக்கோபாக்டீரியாக்கள் மக்களுக்கு ஏற்கனவே பழகிப்போயிருந்ததால் ஊசியின் வேலை எடுபடவில்லை என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளுக்கு எதிராக பி.சி.ஜி. நன்றாகவே வேலை செய்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்கு ஊசி போடுவதை நாடு நிறுத்தவில்லை.

ஊசியின் தோல்வி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஆய்வு நோயைக் கண்டுபிடித்த முறை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஒருவருக்குக் காசநோய் இருக்கிறதா என்று அறிய அன்று நான்கு படிகள் ஏற வேண்டும். முன்கையில் டியூபர்குலின் மருந்தைச் சிறிது ஏற்றி, மூன்றாம் நாள் அந்த இடத்தின் தடிப்பை அளப்பது முதல் படி. பத்து வயது நிறைந்தவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுப்பது இரண்டாவது. படத்தில் ஏதாவது நிழல் தெரிந்தால் சளி வாங்கி நுண்ணோக்கியில் பார்ப்பது மூன்றாவது. அதே சளியைப் பச்சை நிறமான ஊட்டக் கலவையில் தூவிக் கிருமி வளர்கிறதா என்று காத்திருப்பது நான்காவது. காசநோய்க் கிருமிக்கு அவசரமே கிடையாது. அது குடியேறிப் பெருகிக் கண்ணுக்குத் தெரிய எட்டு வாரம் வரை ஆகும். அந்த எட்டு வாரமும் சளி கொடுத்தவர் வயலுக்குப் போவார், சந்தைக்குப் போவார், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக் கதை சொல்வார்.

எலிக்குட்டியும் வீட்டு ஃபிரிட்ஜும்

காசநோய்க் கிருமியையாவது நுண்ணோக்கியில் பார்க்கலாம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அதைக் காட்டிவிட்டார். வைரஸ் அந்தக் கண்ணாடிக்குள் அகப்படாது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எனவே வைரஸைத் தேடியவர்கள் நீண்ட காலம் அதை நேரடியாகப் பார்க்காமல், அது செய்யும் சேதத்தைப் பார்த்தே அடையாளம் கண்டார்கள்.

1964இல் சென்னையிலும் வேலூரிலும் மூட்டுகளைப் பிடுங்கும் ஒரு காய்ச்சல் பரவியது. டெங்கு மாதிரி இருந்தது. ஆனால் டெங்கு மட்டும்தானா என்பது சந்தேகம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரூத் மையர்ஸ், டொனால்ட் கேரி முதலியோர் நோயாளிகளின் ரத்த நீரையும் கொசுக்களின் சாற்றையும் பால்குடி மறவாத எலிக்குட்டிகளின் மூளையில் செலுத்தினார்கள். குட்டி நோயில் விழுந்தால் அதன் மூளையிலிருந்து எடுத்து அடுத்த குட்டிக்கு. இப்படித்தான் அந்தக் காய்ச்சலுக்குப் பின்னால் சிக்குன்குன்யா வைரஸ் இருந்தது தெரியவந்தது. விடை கிடைத்தபோது காய்ச்சல்காரர்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனை அறிவியலுக்குப் பயன்பட்டது. படுத்த படுக்கையாக இருந்தவருக்குப் பயன்படவில்லை.

பின்னர் எலிசா வந்தது. பிளாஸ்டிக் தட்டின் சிறு குழிகளில் ரத்த நீரை விட்டு, வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் அதில் இருந்தால் நிறம் மாறும்படி செய்த சோதனை. எய்ட்ஸ் இந்தியாவுக்கு வரவே வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வேட்டுக்கு எச்.ஐ.வி.யைத் தேடிப் பார்க்கச் சொன்னார்.

நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. காலையில் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் காப்பகத்தில் விடுவார். பாலியல் தொழிலில் பிடிபட்டு அங்கே அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுப்பார். கையுறை கிடையாது, பாதுகாப்பு உடை கிடையாது. பால்வினை நோய்க்காக எடுக்கிறார்கள் என்றுதான் அந்தப் பெண்கள் நினைத்தார்கள். எதற்கு என்று யாரும் அவர்களிடம் விளக்கவில்லை. இன்றைய ஒழுங்குமுறைகளில் எந்த ஆய்வுக் குழுவும் இதற்கு ஒப்புதல் தராது. பிரித்தெடுத்த ரத்த நீரைப் பத்திரப்படுத்த வேறு இடம் இல்லாமல் நிர்மலா தம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்.

சென்னையில் எலிசா வசதி கிடையாது. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்தில் சேர்த்தார்கள். காலையில் சோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்ததும் தட்டின் மூடியைத் திறந்த அந்த ஆய்வகத்தின் ஜார்ஜ் பாபு உடனே மூடினார். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகளில் மஞ்சள். அமெரிக்காவில் மறுசோதனை செய்து உறுதியான பிறகு, மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்படித்தான். பின்னர் நிர்மலா கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் தடுப்பூசிப் பணியில் சேர்ந்து 2010இல் ஓய்வுபெற்றார்.

எலிசா தட்டு உள்ளங்கையளவுதான். ஆனால் அதைப் படிக்க ஆய்வகம் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், தடைபடாத மின்சாரம் வேண்டும். சோதனை முடிவு நோயாளியைத் தேடி வரவில்லை. நோயாளியின் ரத்தம்தான் ரயிலேறிப் போனது.

வெள்ளியூர்க் கணக்கு

திருவள்ளூரில் பி.சி.ஜி. ஆய்வு முடிந்தாலும் ஆராய்ச்சியாளர்கள் மூட்டை கட்டவில்லை. சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்து ஆய்வு மையமாகத் தொடங்கி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் அமைப்பு, இந்த மாவட்டத்தைத் தன் களமாகவே வைத்துக்கொண்டது. வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துக் குணமாவதற்குச் சமம்தான் என்று 1959இல் உலகுக்குச் சொன்னது இந்த மையம். தாம்பரம் போன்ற சானடோரியங்களில் இடம் கிடைக்காதா என்று காத்துக் கிடந்த காலம் அதோடு முடிவுக்கு வந்தது.

1999 மே மாதம் திருவள்ளூர் மாவட்டம் வெள்ளியூரை மையமாக வைத்து, சுமார் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் பேர் வாழும் பகுதியில் டாட்ஸ் முறை ஆரம்பமானது. நேரில் பார்த்து மாத்திரை விழுங்க வைப்பது என்றுதான் டாட்ஸ் நினைவில் நிற்கிறது. அதன் மறுபாதி நோயைக் கண்டுபிடிப்பது. இருமிக்கொண்டு வருபவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நுண்ணோக்கி வைத்து, பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தி, இரண்டு நாளில் மூன்று சளி பார்த்துச் சொல்லிவிடுவது. கருவி புதிதில்லை, கோக் காலத்து நுண்ணோக்கிதான். அது இருந்த இடம்தான் மாறியது.

பலனை மதிப்பிட மறுபடியும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 1999–2001 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேரில் 609 பேரின் சளியில் கிருமி வளர்ந்தது. 2001–03இல் அது 451. 2004–06இல் 311. ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு சதவீதம் இறக்கம். புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. நோயாளிக்கும் நுண்ணோக்கிக்கும் இருந்த தூரத்தைக் குறைத்து, கண்டுபிடித்தவரை மருந்து முடியும்வரை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இவ்வளவு பலன். அடுத்த கணக்கெடுப்பில் அந்த இறக்கம் அதே வேகத்தில் தொடரவில்லை. நுண்ணோக்கி சளியில் கிருமி நிறைய இருப்பவரைத்தான் காட்டிக்கொடுக்கும். பாதிப் பேர் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்து ஊர்

வெள்ளியூரின் கணக்குக்கு ஒரு வசதி இருந்தது. கதவைத் தட்டினால் அதே ஆள் திறப்பார். மாவட்டத்தின் வடக்கு முனையில் கும்மிடிப்பூண்டியில் அந்த வசதி கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கு ஆலைகளும் ரோலிங் மில்களும் வார்ப்பாலைகளும் வரிசையாக நிற்கின்றன. தள்ளி தேர்வாய்க் கண்டிகையில் டயர் தொழிற்சாலை வந்துவிட்டது. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டி ஓடுகிறது. எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரா. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசத்துத் தொழிலாளர்கள் ஒரே அறையில் பல பேராக ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூங்குகிறார்கள். இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் முகாமும் இங்கே இருக்கிறது. காலை மின்சார ரயிலில் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வேலைக்கு வருகிறது, இன்னொரு கூட்டம் சென்னைக்குப் போகிறது. இந்த ஊரில் காய்ச்சல்காரரிடம் நாளை மறுநாள் வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், நாளை மறுநாள் அவர் வேறு ஷிப்டில் இருப்பார், அல்லது வேறு மாநிலத்தில் இருப்பார். ஒரு நாள் லீவு எடுத்தால் ஒரு நாள் கூலி போச்சு.

2020இல் கொரோனா வந்தபோது இந்தக் கணக்கு ஊர் முழுக்க எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் தொற்று உறுதியானது. அன்று மாதிரிகளெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் கிண்டி கிங் நிலையம். அம்மை குத்துவதற்கான பால் தயாரிக்க 1899இல் தொடங்கிய நிலையம் அது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மூக்கில் விட்டு எடுத்த குச்சி ஐஸ் பெட்டியில் அந்தத் தூரத்தைக் கடந்து, வரிசையில் காத்திருந்து, வைரஸின் மரபணு பிரிக்கப்பட்டு, ஆர்.டி.-பி.சி.ஆர். எந்திரத்தில் ஏறி இறங்கி முடிவு வருவதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிவிடும்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதைக் கோயம்பேடு காட்டியது. ஏப்ரல் கடைசியில் சந்தையில் தொற்று தெரிந்தது. மே 5ஆம் தேதி சந்தையை மூடுவதற்குள் சுமை தூக்குகிறவர்களும் வியாபாரிகளும் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று சொந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். காய்கறிச் சந்தை திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாறியது. சென்னையை அடுத்துத் தொற்று அதிகமான மாவட்டங்களின் வரிசையில் திருவள்ளூரும் ஏறியது.

வேகம் வேண்டும் என்ற தவிப்பில் ஒரு குறுக்கு வழியும் வந்தது. சீனாவிலிருந்து ரேபிட் கிட்டுகள் இறக்குமதியாயின. ஏப்ரல் நடுவில் தமிழ்நாட்டுக்கு முதல் தவணையாக 24,000 கிட்டுகள் வந்து சேர்ந்தன. விரல் நுனி ரத்தம், சில நிமிடத்தில் கோடு. அவை தேடியது வைரஸை இல்லை, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. தொற்றின் முதல் வாரத்தில் அது இருக்காது. முடிவுகளும் இடத்துக்கு இடம் மாறின. ஒரு வாரத்துக்குள் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனையை நிறுத்தச் சொன்னது. ஏப்ரல் 27 அன்று கிட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது. பிற மாநிலங்கள் பின்னர் ஆன்டிஜென் சோதனைக்குப் போனபோதும் தமிழ்நாடு ஆர்.டி.-பி.சி.ஆர். பக்கமே நின்றது. ஆய்வகங்களின் எண்ணிக்கையைப் பெருக்கித் தூரத்தைக் குறைப்பது என்பது அரசு எடுத்த வழி. ஆண்டின் நடுப்பகுதியிலேயே ஆய்வகங்கள் நூறைத் தாண்டின.

அந்த நெருக்கடியில் கைகொடுத்த இன்னொன்று ட்ரூநாட். பெங்களூரிலும் கோவாவிலும் உருவான இந்தக் கருவி முதலில் காசநோய்க்காகச் செய்யப்பட்டது. பெட்டி சிறியது, பேட்டரியில் ஓடும், ஏ.சி. அறை வேண்டாம். மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த மரபணுவைச் சிறு சில்லு ஒன்றில் சொட்டுவிட்டால் அதற்குள்ளேயே பி.சி.ஆர். நடந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும். 2020 ஏப்ரலில் கொரோனா சோதனைக்கு இதற்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு காசநோய்க்காக உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டது. எட்டு வாரம் காத்திருந்த கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் பதில்.

கம்பியில் ஒட்டிய வைரஸ்

அந்த ஒரு மணி நேரத்தையும் சில நிமிடங்களாக்க முடியுமா என்பதுதான் நானோ உணரிகளின் கேள்வி. அதன் வரலாறு நோய்க்கிருமியில் தொடங்கவில்லை, சர்க்கரையில் தொடங்கியது. 1962இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க், ஒரு மின்வாயின் மேல் நொதியைப் பூசி ரத்தச் சர்க்கரையை மின்சாரமாக அளக்கலாம் என்று காட்டினார். இன்று வீட்டுக்கு வீடு மேசை இழுப்பறையில் கிடக்கும் சுகர் மெஷினுக்கு மூதாதை அதுதான். 1970இல் நெதர்லாந்தின் பியட் பெர்க்வெல்ட், டிரான்சிஸ்டரின் ஒரு பாகத்தைக் கழற்றி, அந்த இடத்தில் திரவத்தைப் படவிட்டு, திரவத்திலுள்ள மின்னேற்றமே டிரான்சிஸ்டரை இயக்கும்படி செய்தார்.

அந்த டிரான்சிஸ்டரை வைரஸை விட மெலிதாக்கினால்? ஹார்வர்டில் சார்லஸ் லீபர் குழு செய்தது இதுதான். சுமார் இருபது நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் கம்பி. அதன் மேல் இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள். வைரஸ் ஒன்று வந்து ஒட்டினால் அதன் மேற்பரப்பு மின்னேற்றம் கம்பிக்குள் ஓடும் மின்சாரத்தை அசைக்கும். வரைபடத்தில் ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். வைரஸ் கழன்று போனால் கோடு பழைய இடத்துக்குத் திரும்பும். படி ஒவ்வொன்றும் ஒரு வைரஸ்தானா? சந்தேகம் தீர, வைரஸ்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, மின்கோட்டையும் நுண்ணோக்கிப் படத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். புள்ளி வந்து கம்பியைத் தொட்ட நொடியில் கோடும் நகர்ந்தது. 2004இல் வெளியான அந்தக் கட்டுரை, ஒற்றை வைரஸை மின்சாரத்தால் எண்ணலாம் என்று நிறுவியது.

2020 வசந்தத்தில் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலிக்கானுக்குப் பதில் கிராஃபீன் தாளை எடுத்துக்கொண்டார்கள். கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காகப் பரவிய தாள் அது. கொரோனாவின் முள் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன் மேல் பொருத்தி, நோயாளிகளின் மூக்குச் சளி மாதிரியில் வைரஸ் இருப்பதை, மரபணுவைப் பிரிக்காமல், பெருக்காமல் அறிந்தார்கள். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நவகாந்த பட் குழுவினர் தொடங்கிய பாத்ஷோத் நிறுவனம், கொரோனா எதிர்ப்பொருளை மின்வேதியியல் முறையில் உள்ளங்கையளவு கருவியில் அளக்கும் சோதனைக்கு 2021இல் அரசு அனுமதி வாங்கியது. சுகர் மெஷினின் வழித்தோன்றல்தான் அதுவும்.

ஒற்றை வைரஸை எண்ணிய கட்டுரை வந்து இருபது ஆண்டுக்கு மேலாகியும் இந்தக் கம்பி ஏன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவில்லை? முக்கியமான தடை உப்பு. ரத்தத்திலும் எச்சிலிலும் மிதக்கும் உப்பு அயனிகள் வைரஸின் மின்னேற்றத்தைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. ரத்தத்தின் உப்பளவில், கம்பியின் மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் மின்னேற்றம்தான் கம்பிக்குத் தெரியும். வைரஸைப் பிடித்து நிற்கும் எதிர்ப்பொருளின் நீளமே பத்து நானோமீட்டர். கைபிடித்து நிற்பவனுக்கு விருந்தாளி தெரிகிறான். சுவருக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. ஆய்வகத்தில் இதற்கு வழி எளிது. உப்புக் குறைந்த தாங்கல் கரைசலில் மாதிரியைக் கலந்து நீர்த்துப்போகச் செய்வார்கள். கும்மிடிப்பூண்டியில் வெற்றிலை பாக்கோ கைனியோ மென்றுவிட்டு வரும் தொழிலாளியின் எச்சில் அப்படி நீர்த்துக்கொண்டு வராது.

இன்னொரு தடை ஒரே மாதிரி செய்வது. சர்க்கரை ரத்தத்தில் கணக்கில்லாமல் இருக்கிறது. சுகர் மெஷின் பட்டை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எண் ஓரளவு சரியாக வரும். சில நூறு வைரஸ்களைத் தேடும் கம்பியில் ஒரு சில்லுக்கும் அடுத்த சில்லுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தால்கூட, ஒருவரை நோயாளி என்றும் இன்னொருவரை நோயில்லாதவர் என்றும் மாற்றிச் சொல்லிவிடும். 2020 ஏப்ரலில் திருப்பி அனுப்பிய கிட்டுகள் சொன்ன பாடமும் இதேதான்.

களம் இங்கே இருக்கிறது

திருவள்ளூர் மாவட்டத்தின் அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் மருத்துவப் புள்ளியியல் நிறுவனம் ஒன்றையும் இணைத்து 1999இல் அமைக்கப்பட்டது. கொரோனா காலத்தில் நாடு தழுவிய எதிர்ப்பொருள் கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது இந்த நிறுவனம். 2020 மே – ஜூனில் முதல் சுற்றில், 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் பார்த்தபோது, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே தொற்று வந்து போயிருந்தது. 2021 ஜூன் – ஜூலையில் நான்காம் சுற்றில் மூன்றில் இரண்டு பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. ஒரு மாவட்டத்தில் யாரிடம் போய் எத்தனை மாதிரி எடுத்தால் உண்மை தெரியும் என்பதில் இவர்களுக்கு இணையான அனுபவம் நாட்டில் வெகு சிலருக்கே உண்டு.

திருவள்ளூருக்கும் இது பழகிய வேலை. 1968 முதல் இந்த மாவட்டத்துக் கிராமங்கள் முன்கையை நீட்டின, நெஞ்சைக் காட்டின, டப்பாவில் சளியைத் துப்பின. அவர்கள் தந்த உண்மை உலக மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது. அந்த ஆய்வுகளில் சேராமல் போனவர்கள், ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தவர்கள். இன்று கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் உழைப்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான்.

சென்னையிலும் பெங்களூரிலும் நானோ உணரிகளோடு உழைக்கும் ஆய்வாளர்களும், அவர்களுக்கு நிதி தரும் துறைகளும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சில்லை உப்பில்லாக் கரைசலில் சோதித்துக் கட்டுரை எழுதி முடித்ததும், அடுத்த சோதனையைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஷிப்ட் வாசலில் வையுங்கள். தொழிலாளியின் மொழியில் எதற்கு என்று சொல்லி, சம்மதம் வாங்கி, அதே மாதிரியை ட்ரூநாட்டிலும் பார்த்து, இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டு வெளியிடுங்கள். அவர் வீட்டுக்குப் போகும் பஸ் வருவதற்குள் முடிவு அவர் கையில் இருக்கிறதா என்பதையும் அறிக்கையில் ஒரு வரியாகச் சேருங்கள்.